காலுக்குக் கீழே ஓர் ஆகாயம்

(மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு)

கொடைக்கானலில் வளர்ந்தவர்களுக்குத் தலைக்கு மேலே ஓர் ஆகாயம், காலுக்குக் கீழே ஓர் ஆகாயம் என இரண்டு உண்டு. கோக்கர்ஸ் வாக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எவரும் இதை அறிவர். மேகம் கீழே கிடக்கும். பருந்தின் முதுகை நாம் மேலிருந்து பார்ப்போம். வெயில் தெளிந்த நாளில் வைகை அணையின் நீர், தகரத் துண்டு போல் தூரத்தில் மின்னும். சமவெளியிலிருந்து வந்து விடுதியில் சேரும் தோழியர் முதல் வாரத்திலேயே அங்கு நின்று, "அடியே, பருந்தோட முதுகு தெரியுது!" என்று கூவுவது ஆண்டுதோறும் நடக்கும் வைபவம்.

அந்தக் கீழ் ஆகாயத்தில் இப்போது பருந்துகளோடு டிரோன்களும் பறக்கின்றன. விடுமுறை நாட்களில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளில் ஒருவராவது கையில் ஒரு பெட்டியுடன் நிற்பார். தேனீக் கூட்டத்தின் இரைச்சல் கேட்கும். நான்கு சிறகு கொண்ட பூச்சி போன்ற ஒன்று நமக்கு எதிரே, சில சமயம் நமக்குக் கீழே, காற்றில் நிலைத்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் அதே ஆகாயத்தில் மனிதர் அமர்ந்து ஓட்டும் விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால் என்ன ஆகும்? இந்த வினா என்னை ஓராண்டுக்கும் மேலாக விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அன்புத் தோழியரே, நான் கேட்டும் படித்தும் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா பூம்பாறையில் பூண்டு பயிரிடுகிறார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டுதான். அவருடைய மகன், என் அண்ணன், திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்று டிரோன் ஓட்டுகிறார். எனக்கு இந்தக் கலையின் அரிச்சுவடியைக் கற்றுத் தந்தவர் அவரே.

நம் நாட்டில் டிரோன்களுக்கான இன்றைய விதிகள் 2021 ஆகஸ்டு 25-ஆம் நாள் வெளியாயின. கால் கிலோவுக்கு உட்பட்டவை மிகச் சிறியவை. பிறகு 2 கிலோ வரை, 25 கிலோ வரை, 150 கிலோ வரை, அதற்கும் மேல் என ஐந்து வகுப்புகள். நாட்டின் ஆகாயமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசி வரைபடமாக வெளியிடப்பட்டுள்ளது. பச்சையில் தனி அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரைக் கேட்க வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இன்றிப் பறக்கவே கூடாது. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை கெடுபிடி உண்டு. பச்சைப் பகுதியிலும் தரையிலிருந்து 400 அடி உயரம் வரைதான் சுதந்திரம். அதைத் தாண்டினால் பச்சையும் மஞ்சளாகிவிடும்.

400 அடி என்றால் எவ்வளவு? நம் தூண் பாறையை நினைத்துக்கொள்ளுங்கள். தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் அந்தப் பாறைகளின் உயரமும் ஏறக்குறைய 400 அடி என்றே சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. அதன் அடிவாரத்திலிருந்து எழும்பிய டிரோன் உச்சியை எட்டும்போது அதன் உரிமை முடிந்துவிடுகிறது. மனிதர் ஏறிய விமானமோ, கண்ணால் பார்த்துப் பறக்கும்போது, பொதுவாகத் தரையிலிருந்து 500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. இடையில் 100 அடி யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளி. வயல் வரப்பு போல. மதுரையிலோ தஞ்சாவூரிலோ இந்த வரப்பு நேராக இருக்கும். கணக்கும் எளிது.

மலையில்தான் சங்கடம். அண்ணனிடம் நான் கேட்டேன்: "400 அடின்னா எங்க இருந்துண்ணா அளக்குறது?"

அவர் சிரித்துவிட்டு, "அதுதான் பாப்பா இந்த ஊர்ல பெரிய கேள்வியே" என்றார்.

அவர் கையிலுள்ள கருவி, டிரோன் எழும்பிய இடத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து உயரத்தைக் காட்டுகிறது. கோக்கர்ஸ் வாக்கிலிருந்து ஒருவர் டிரோனை 300 அடி உயர்த்தி, அப்படியே தெற்கு நோக்கிப் பள்ளத்தாக்கின் மேல் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவி 300 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தரையோ காலடியிலிருந்து நழுவி ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடி என்று கீழே போய்விடும். நமக்கும் பெரியகுளத்துச் சமவெளிக்கும் ஏறக்குறைய 6,000 அடி வித்தியாசம் அல்லவா? கருவியைப் பார்ப்பவர் விதிக்குள் இருப்பதாகவே எண்ணுவார். உண்மையில் அவருடைய டிரோன் விமானங்களின் ஆகாயத்துக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது.

விமானி உயரத்தை அளக்கும் முறை வேறு. அவர் காற்றழுத்தத்தைக் கொண்டு, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறார். கடலோரத்தில் 1013 மில்லிபார் இருக்கும் காற்றழுத்தம் நம் ஊரில் 780 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. (நம் விடுதிச் சமையலறையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்கும் இதுவே காரணம். சமையல்காரம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.) ஊர் இருப்பதே 7,000 அடி உயரத்தில் என்றால், அண்ணனின் டிரோன் 300 அடியில் நிற்கும்போது விமானியின் முள் அதே இடத்தை 7,300 என்று காட்டும். ஒரே புள்ளிக்கு இரண்டு எண்கள்! இருவரும் வானொலியில் பேசிக்கொண்டால் கூட, யாராவது ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாது. டிரோன்களும் விமானங்களும் ஒரே ஆகாயத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், உயரத்தை அளக்கும் அடிப்படை முதலில் ஒன்றாக வேண்டும் என்று பல நாட்டு வல்லுநர்களும் வலியுறுத்துவதன் பொருள் எனக்குக் கோக்கர்ஸ் வாக்கில் நின்றபோதுதான் விளங்கியது.

"நம் ஊரில் விமான நிலையமே இல்லையே, விமானம் பார்க்க மதுரைக்கல்லவா போக வேண்டும்? பின் எதற்கு இந்தக் கவலை?" என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பயணிகள் விமானங்கள் நமக்கு மிக உயரத்தில் வெள்ளைக் கோடு கிழித்துப் போய்விடும். அவற்றுக்கும் நம் டிரோன்களுக்கும் சண்டையில்லை. ஆனால் மலைக்கு ஆபத்து வரும் நாளில் வருவது ஹெலிகாப்டர். அது தாழ்வாகத்தான் வரும். 500 அடி விதியெல்லாம் அதன் வேலைக்கு முன் நில்லாது.

2018 மார்ச் 11-ஆம் நாளை நம் பக்கத்து மாவட்டம் மறக்காது. தேனி மாவட்டத்தில், போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம் பெண்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. 2024 மார்ச்சில் நீலகிரியில் குன்னூர் அருகே காடு எரிந்தபோது விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், அடியில் பெரிய வாளியைத் தொங்கவிட்டு நீர் மொண்டு சென்று தீயின் மேல் கொட்டியது.

அதே 2024 கோடையில் நம் மேல்மலையிலும் காடு எரிந்தது. அப்போது நான் பூம்பாறையில் இருந்தேன். பகலில் புகை மட்டுமே தெரிந்தது. இரவில்தான் தீயின் உருவம் தெரிந்தது: எதிர் மலையில் யாரோ செந்நிற நூலைக் கோணல் மாணலாகத் தைத்தது போல ஒரு கோடு. பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா படுக்கவில்லை. பூண்டுக் காட்டின் மேல் சாம்பல் பறந்து வந்து விழுந்தது. அன்றிரவு எனக்கு ஓர் எண்ணம் வந்தது, இன்றும் போகவில்லை. நாளைக் காலை ஒரு ஹெலிகாப்டர் நீர் கொண்டு வருகிறது. அதே நேரம் யாரோ ஒருவர் "தீயைப் படம் எடுக்கலாம்" என்று டிரோனை ஏற்றிவிடுகிறார். அப்போது?

மலையில் காற்று மெலிந்தது. 7,000 அடியில் அதன் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹெலிகாப்டரின் சிறகுகளுக்கு ஊன்றிக்கொள்ளக் கிடைக்கும் காற்று அவ்வளவு குறைகிறது. ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைத் தொங்கவிட்டுக்கொண்டு, தீ எழுப்பும் வெப்பக் காற்றில் தள்ளாடி, ஒரு கண் வாளியிலும் ஒரு கண் மலைச் சரிவிலுமாக இருக்கும் விமானிக்குத் திடீரென்று விலகும் வலு மிகக் குறைவு. எதிரே வருவது இரண்டு பேரிக்காய் எடையுள்ள சாம்பல் நிறப் பொருள். புகைக்குள் அது அவர் கண்ணில் படுமா? பட்டாலும் எத்தனை நொடிக்கு முன் படும்?

இது வெறும் கற்பனை அன்று. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டிய மலைகள் எரிந்தன. கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து வந்திருந்த, ஒரே முறையில் 6,000 லிட்டர் நீரைக் கடலிலிருந்து மொண்டு செல்லும் விமானம் ஒன்று அங்கே பணியில் இருந்தது. ஜனவரி 9-ஆம் நாள் ஒரு டிரோன் அதன் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. டிரோன் கால் கிலோ வகுப்பைச் சேர்ந்தது. ஓட்டியவர் ஒரு கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று, அதை இரண்டரை கிலோமீட்டர் தூரம் அனுப்பி, பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தார். நல்ல வேளை, விமானம் பத்திரமாக இறங்கியது. ஆயினும் ஊர் எரிந்துகொண்டிருக்கையில் அது சில நாள் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் அது கொட்டியிருக்கக்கூடிய நீர் எவ்வளவு! தம் நாட்டில் தீயணைப்போர் "நீங்கள் பறந்தால் எங்களால் பறக்க முடியாது" என்று மக்களிடம் மன்றாடி வருவது இதனால்தான். ஒரு டிரோன் தெரிந்தாலே எல்லா விமானங்களையும் இறக்கிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 2023 நவம்பர் 19-ஆம் நாள் இம்பால் விமான நிலையத்தருகே வானில் இனந்தெரியாத பொருள் ஒன்று தென்பட்டதென்று சில மணி நேரம் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அது என்னவென்று தெரியாததே போதுமானதாயிற்று.

இதற்கு வழி என்ன? எனக்கு நம் மலைச்சாலைதான் நினைவுக்கு வருகிறது. வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறி வரும்போது கவனித்திருப்பீர்கள். குறுகிய இடத்தில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் இறங்கும் வண்டி ஒதுங்கும். ஏறும் வண்டி போகும். ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி கிளம்புவது கடினம் என்பதால் வந்த வழக்கம் இது. வளைவில் இரு பக்கமும் ஹாரன் அடிப்பார்கள். பார்க்க முடியாத இடத்தில் கேட்க வைப்பது!

ஆகாயத்திலும் இவையே தேவை. முதலாவது விதி நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது: மனிதர் ஏறிய விமானத்துக்கே முதலுரிமை, டிரோன்தான் விலகி வழிவிட வேண்டும். இதில் வாதமே கிடையாது. ஒன்றில் உயிர் இருக்கிறது. மற்றதில் காமிரா இருக்கிறது. இரண்டாவது, அந்த ஹாரன். பெரும்பாலான பெரிய விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் நொடிக்கு நொடி வானொலியில் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. சில டிரோன்களில் அந்த அறிவிப்பைக் கேட்டு, "விமானம் வருகிறது" என்று ஓட்டுபவரை எச்சரிக்கும் கருவி உண்டு. டிரோன்களும் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் ஒரு கணினி வலையில் இணைத்து யார் எங்கே என்று காட்ட வேண்டும் என்பது திட்டம். நம் அரசும் 2021 அக்டோபரில் அதற்கான கொள்கையை வெளியிட்டது.

திட்டம் நன்று. ஆனால் மலைக்காரியான எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. அந்த வானொலி அலை நேர்கோட்டில் செல்வது. பெருமாள் மலைக்கு அந்தப் பக்கம் தாழ்வாக வரும் ஹெலிகாப்டரின் குரல், மலை குறுக்கே நிற்பதால் இந்தப் பக்கத்து டிரோனுக்குக் கேட்காது. கணினி வலைக்குக் கைப்பேசித் தொடர்பு வேண்டும். நம் மேல்மலைக் கிராமங்களில் ஒரு தொலைபேசி அழைப்புக்காக மேட்டில் ஏறி நின்று கையை உயர்த்துபவர்களைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சமவெளிக்காரர்கள் வகுத்த ஏற்பாடு மலையில் அப்படியே பொருந்திவிடாது.

ஆகவே இப்போதைக்கு நான் நம்புவது மிகப் பழைய முறையை: தண்டோரா. ஹெலிகாப்டர் வரப்போகிறதென்று முடிவானதும் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் ஒரு மணி நேரம் முன்பாகவே விடுதிகளுக்கும், டாக்சி நிறுத்தங்களுக்கும், படம் எடுப்போர் சங்கங்களுக்கும் சொல்லிவிட்டால், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஏரியைச் சுற்றி ஒரு முறை அறிவித்துவிட்டால், பெரும்பாலான டிரோன்கள் பெட்டிக்குள் போய்விடும். கெட்ட எண்ணத்தோடு பறக்கவிடுகிறவர்கள் மிகச் சிலர். தெரியாமல் பறக்கவிடுகிறவர்களே பெரும்பாலோர். அதிலும் கால் கிலோ டிரோன்களுக்கு ஓட்டுநர் சான்றிதழே தேவையில்லை என்பதால் 400 அடி விதியைக் கூடக் கேள்விப்படாதவர்கள் பலர்.

அப்படியானால் டிரோனையே தடைசெய்துவிடலாமே என்று சில பெரியவர்கள் கூறுவர். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்றொரு கிராமம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர். நோயாளியையும் பிரசவ வேதனையிலிருக்கும் தாயையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்த கதைகளை அங்குள்ளோர் சொல்வர். பாம்புக்கடி மருந்து நான்கு மணி நேரம் நடந்து வருவதற்கும் பத்து நிமிடத்தில் பறந்து வருவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டுமா?

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற மலை நாட்டில் 2016 அக்டோபர் முதல் ஆளில்லாச் சிறு விமானங்கள் மருத்துவமனைகளுக்கு இரத்தம் கொண்டுசென்று, காகிதப் பாராசூட்டில் இறக்கி வருகின்றன. அங்கேயும் மலைதான், மேகம்தான். அவர்கள் தடம் வகுத்துக்கொண்டு, அந்நாட்டு விமானத் துறையுடன் பேசிக்கொண்டே பறக்கிறார்கள். நம் நாட்டிலும் 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்துகளை டிரோனில் அனுப்பிச் சோதித்தார்கள். டிரோன் ஓட்டுவது ஆண்களின் வேலை என்று எண்ணும் தோழியருக்கு இன்னொன்றும் சொல்வேன்: மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 டிரோன்கள் வழங்கி, வயலுக்கு மருந்து தெளிக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் டிரோன் ஓட்டும் படத்தை நம் நூலகத்துச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

காட்டுத் தீயிலும் அப்படியே. இரவில் ஹெலிகாப்டர் நீர் கொட்ட வருவது அரிது. அப்போது வெப்பத்தைக் காணும் காமிரா பொருத்திய டிரோன், தீக்கோடு எங்கே போகிறது என்று புகையை ஊடுருவிக் காட்டும். விடிந்ததும் டிரோன் இறங்கிவிட, ஹெலிகாப்டர் வரலாம். இருவருக்கும் ஒரே ஆகாயம், வெவ்வேறு நேரம். பெரிய கணினி எதுவும் வேண்டாம். ஒரு கடிகாரமும், யார் யாரிடம் சொல்லிவிட்டு ஏறுவது என்ற ஒழுங்கும் போதும்.

இதையெல்லாம் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெரியப்பாவிடம் சொன்னேன். பூண்டு உரித்தபடியே பொறுமையாகக் கேட்டார். வெள்ளகவிக்கு மருந்து கொண்டுபோக ஒரு தடம் வகுத்தால் அது எந்த நேரத்தில் பறக்க வேண்டும் என்று அண்ணனும் நானும் காற்றின் வேகம், பேட்டரி என்று கணக்குப் போட்டு விவாதித்துக்கொண்டிருந்தோம். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "எந்த மிசினா இருந்தாலும் பதினோரு மணிக்குள்ள போயிட்டு வந்துறணும் பாப்பா. அதுக்கப்புறம் கீழ இருந்து மேகம் ஏறிடும். உங்கண்ணனுக்கும் தெரியாது, மேல வர்ற பைலட்டுக்கும் தெரியாது." அண்ணன் தம் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார்.